பதினான்கு சிவப்பு

எங்கள் வெள்ளலோடை நகரில் அறுபத்து நான்கு வீடுகள். இன்றைக்கு எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதை இந்தச் சாந்தாமணி மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது அவதூறு. மூக்கு மட்டும் போதாது, பால்கனியும் வேண்டும்.

எனக்குப் போட்டியாக ஒன்று பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வந்து சேர்ந்தது. அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது. பெயர் காப்பு. மணிக்கட்டில் மாட்டினால் கழற்ற முடியாது, டாக்டர்தான் கழற்ற வேண்டும். மாதம் ஒருமுறை கொசு கடித்தாற்போல் சுருக்கென்று ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும். அறுபது பொருள் கொண்ட பட்டியல் அதனிடம் இருக்கிறது. பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, இறால், பூனை முடி, தூசி என்று போகும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் ரத்தம் முறைத்தால் சிவப்பு, முறைக்காவிட்டால் பச்சை. சிவப்புப் பொருள் நான்கடி தூரத்தில் வந்தால் போதும், ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தும்.

நல்லதை மறைக்கக் கூடாது. பொள்ளாச்சியில் என் நாத்தனார் பேரனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. ஒரு கல்யாணப் பந்தியில் காப்பு கத்தித்தான் அவன் பிழைத்தான். ஆனால் பிழைக்க வைக்க வந்தது, மெல்ல மெல்ல வாழவிடாமல் செய்ய ஆரம்பித்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தை அப்புறம் வாங்குகிறார்கள், முதலில் பட்டியலைக் கேட்கிறார்கள். "பையனுக்குக் கோதுமை செவப்பாமா, எங்க பொண்ணு சப்பாத்தி இல்லாம இருக்க மாட்டாளுங்க" என்று ஒரு நல்ல சம்பந்தம் என் கண் முன்னால் முறிந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்று சிவப்புக்குள் ஒரு வரிசை, ஆறுக்குள் ஒரு வரிசை என்று உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு நேர்ந்த நஷ்டம், தட்டுப் போக்குவரத்து நின்றுபோனது. எங்கள் காலனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் எது செய்தாலும் ஒரு தட்டில் மூடி பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்தத் தட்டு வெறுமனே திரும்பாது. தட்டு கை மாறும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் காலனிச் செய்தி முழுவதும் கை மாறும். காப்பு வந்த பிறகு யார் தட்டையும் யாரும் வாங்குவதில்லை. கதவைத் திறந்தாலே கத்துகிறதே! அதற்குப் பிறகு நான் செய்தி சேகரிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சரி, தாரகை விஷயத்துக்கு வருகிறேன்.

தாரகை முப்பத்து மூன்றாம் நம்பர் வீட்டுச் சசிரேகாவின் மகள். இது நடந்தபோது ஒன்பது வயது. சசிரேகா மோட்டார் பம்பு கம்பெனியில் ஷிஃப்டு வேலை பார்த்துக்கொண்டு பெண்ணைத் தனியாக வளர்க்கிறாள். ஏன் தனியாக என்பது எனக்குத் தெரியும், இந்தக் கதைக்கு அது வேண்டாம்.

தாரகைக்கு நாலு வயதாக இருந்தபோது காலனி ஆண்டு விழாவில் மயங்கி விழுந்தாள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு விசில் அடித்தது. கையில் பாதி கடித்த முந்திரி உருண்டை. நாற்பத்தொன்றாம் நம்பர் கமலவேணி செய்த உருண்டை. அவள் அப்போது விசேஷங்களுக்குப் பலகாரம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள்; சிவப்பு உள்ளவர்கள் நான்கடி தள்ளி நின்றுகொள்வார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். அதுவரை காப்பு மாட்டாத பிள்ளைக்கு அங்கேயே மாட்டித் தட்டிப் பார்த்தால் பதினான்கு சிவப்பு, அதில் முந்திரி முதல் வரிசையில் நின்றது. அதோடு விசாரணை முடிந்தது. அன்றிலிருந்து பிள்ளைக்கு ரேஷனில் வரும் வெள்ளைக் கஞ்சிதான் சாப்பாடு. தூசி படாமல் வெள்ளை ஷூ. விளையாட்டு என்றால் ஊஞ்சலில் தனியாக. கமலவேணியின் அடுப்பும் அன்றைக்கே அணைந்தது. பிள்ளையைக் கொல்லப் பார்த்த கையில் யார் லட்டு வாங்குவார்கள்?

போன வருடம் தாரகை மறுபடி விழுந்தாள். அதே தடிப்பு, அதே விசில். இந்தத் தடவை தின்றது வெறும் வெள்ளைக் கஞ்சி. காப்பைக் கொடுத்த அரசாங்கத் துறையிலிருந்து உத்தரவு வந்தது. பத்துக்கு மேல் சிவப்பு, இரண்டு தாக்குதல், ஆகவே பிள்ளையைக் கோத்தகிரித் தூய்மை இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே கண்ணாடிக் கூரை, வடிகட்டிய காற்று. பெற்றவர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளலாம். பதினெட்டு வயது வரைக்கும். உள்ளூர் டாக்டரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, அதற்கு இருபத்திரண்டு நாள் கெடு.

சசிரேகா அந்தக் காகிதத்தோடு டாக்டர் ஜுபைதாவின் கிளினிக்குக்குப் போனபோது, எனக்கும் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. என்ன செய்ய, வயது அப்படி. கிளினிக்கில் திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டாவது தடவை விழுந்தப்ப என்ன சாப்பிட்டிருந்தா?" டாக்டரின் குரல்.

"கஞ்சிதானுங்க டாக்டர். அஞ்சு வருசமா அதேதான்."

"அது பச்சை. அப்ப எதனால விழுந்தா?"

"காத்துல ஏதோ இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"காத்துல எது?"

"அது எழுதலீங்க."

டாக்டர் காகிதத்தை மேசையில் போடும் சத்தம் கேட்டது. "எதுன்னு தெரியாததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது சசி?"

"போட்டுருங்க டாக்டர்" என்றாள் சசிரேகா. "என்ற புள்ள என் கண்ணு முன்னால இல்லாட்டியும் பரவால்ல, எங்கியாவது உசுரோட இருக்கட்டும். நான் ஷிஃப்டுல இருக்கறப்ப ஃபோன் அடிச்சாலே எடுக்கப் பயமா இருக்குது. ரெண்டு தடவயும் நான் பக்கத்துல இல்ல."

காகிதம் மறுபடி புரளும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர், "சாந்தாமணியக்கா, திரைக்கு அந்தப் பக்கம் காதை நீட்டிட்டே இருந்தா கழுத்தும் சேந்து வலிக்கும். உள்ள வாங்க" என்றார்.

போனேன். மறுத்தால் மரியாதையாக இருக்காதே. தாரகை மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளை ஷூவை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காலனியில எத்தனை வீட்டு ஆளுங்களை உங்களுக்குத் தெரியும்?" டாக்டர் கேட்டார்.

"அறுபத்து நாலு வீடும் தெரியுமுங்க."

"எத்தனை பேரோட சண்டை?"

யோசித்தேன். "பேச்சு வார்த்தை இல்லாம மூணு. முறைச்சுக்கிட்டு ரெண்டு."

டாக்டர் சசிரேகாவின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? ரத்தமும் இந்த அக்கா மாதிரிதான். ஒருத்தரைத் தெரியும்ங்கறது வேற, அவங்களோட சண்டை போடறது வேற. காப்பு என்ன பண்ணுது? ரத்தத்துக்கு யாரையெல்லாம் தெரியும்னு கணக்கெடுத்து, அத்தனை பேரும் எதிரின்னு செவப்புல எழுதிடுது. சண்டை நடந்துதான்னு தெரியணும்னா நடந்ததைக் கேக்கணும். என்ன தின்னா, எத்தனை நிமிசத்துல வந்துச்சு, அப்ப வேற என்ன பண்ணிட்டிருந்தா, அதுக்கு முன்னால அதையே தின்னப்ப என்னாச்சு. இதைக் கேட்டாங்களா ஆஸ்பத்திரியில?"

"என்கிட்ட யாரும் கேக்கலீங்க. வந்ததும் காப்பைத்தான் பாத்தாங்க. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாதுங்களே. ரெண்டு தடவையும் கம்பெனியில இருந்தேன்."

"பின்ன யாருக்குத்தான் தெரியும்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். தாரகையும்தான். அறுபது வருட வாழ்க்கையில் என் சேவையை ஒருவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் பேனாவைத் திறந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஆண்டு விழா சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பம். நாலே முக்காலுக்கே புள்ள வந்துட்டா. பச்சைப் பாவாடை, கால்ல கொலுசு, செருப்பு இல்ல. கமலவேணி உருண்டைத் தட்டை வெளிய கொண்டு வந்தது அஞ்சேகால். புள்ள ஒண்ணு வாங்கிக்கிட்டா."

"அதுக்கு முன்னால முந்திரி தின்னிருக்காளா?"

"ரெண்டு வயசுல இருந்து. கமலவேணி வீட்டு வாசல்லயேதான கெடப்பா! கொட்டக் கொட்டத் தின்னவ."

டாக்டர் அதை எழுதி அடிக்கோடு போட்டார். "அப்புறம்?"

"உருண்டையைக் கையில வெச்சுக்கிட்டே ஊஞ்சலுக்குப் போனா. நாவல் மரத்தடியில. அங்கிருந்து ஓன்னு அழுதுட்டு வந்தா. நான்தான் தூக்கி உக்கார வெச்சுச் சுண்ணாம்பு தடவினேன். பத்து நிமிசம் இருக்காது, உதடு வீங்கிருச்சு."

பேனா நின்றது. "சுண்ணாம்பா? எதுக்கு?"

"எறும்பு கடிச்சதுக்குத்தானுங்க. சுள்ளெறும்பு. மரத்தடியில புத்து வெச்சிருக்குதுங்க, பாதத்துல நாலஞ்சு எடத்துல போட்டிருந்துச்சு. வெத்தல போடறதால டப்பா எப்பவும் என் இடுப்புல இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சசிரேகா என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கக்கா, இதை அஞ்சு வருசமா யார்கிட்டயும் சொல்லலயா?"

"எறும்பு கடிச்சதையெல்லாம் யாராச்சும் டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லுவாங்களா அம்மிணி? எல்லாத்தையுந்தான் கடிக்குது."

அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல. மிச்சத்தைப் பிற்பாடு சொல்கிறேன்.

டாக்டர் எழுந்து போய்த் தாரகையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "சாமி, போன மாசம் விழுந்தியே, அன்னிக்கு எறும்பு ஏதாச்சும் கடிச்சுதா?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் ஊஞ்சலடியில் வெறுங்காலோடு நின்று, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்ததை என் பால்கனியிலிருந்து பார்த்திருந்தேன். ஆனால் அதை அவளே சொல்லட்டும் என்று தோன்றியது. இப்படியும் எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு.

"ஷூவைக் கழட்டிட்டேன்" என்றாள் தாரகை, மிக மெதுவாக. "மண்ணு எப்படி இருக்கும்னு பாக்கறதுக்கு. கடிச்சிருச்சு. ஷூவைக் கழட்டுனேன்னு சொன்னா அம்மா திட்டும்னு..."

சசிரேகா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். திட்டவில்லை.

"அப்ப அந்தக் காப்பு எறும்பைக் கண்டுபிடிக்கலீங்களா?" என்று நான் கேட்டேன்.

"பட்டியல்லயே இல்லக்கா" என்றார் டாக்டர். "அந்த அறுபதும் எங்கியோ குளிர் தேசத்துல போட்டது. நம்ம யாரும் கண்ணால பாக்காத கொட்டையெல்லாம் அதுல இருக்கு. நம்ம ஊர்ச் சுள்ளெறும்பு இல்ல. கேக்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்?"

ஆனால் சந்தேகம் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும் என்றார். நகரத்துப் பெரிய ஆய்வகத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எறும்பு கொண்டுவந்து கொடுத்தால் அதன் விஷத்தை எடுத்துப் பிள்ளையின் ரத்தத்தோடு பொருத்திப் பார்ப்பார்களாம். இருநூறு எறும்பாவது வேண்டும். அதே மரத்தடி எறும்பு.

இப்படியாக, மறுநாள் பட்டப்பகலில், முழங்கால் வலிக்காரியான நான், மழைக்காலத்து ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஊறுகாய் பாட்டிலும் புருவம் திருத்தும் இடுக்கியுமாக நாவல் மரத்தடியில் குனிந்து நின்றேன். அறுபத்து நான்கு வீட்டுப் பால்கனியிலும் ஆள். "சாந்தாமணிக்கு மறை கழண்டிருச்சு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பேசப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு நன்றாக இல்லை.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. எறும்பு விஷத்துக்குத் தாரகையின் ரத்தம் வெறிபிடித்தாற்போல் முறைத்தது. நடந்த கதையும் ரத்தமும் ஒன்றையே சொன்னதால் டாக்டருக்குச் சந்தேகம் போயிற்று. ஆனால் துறைக்குச் சந்தேகம் தீரவில்லை. 'எறும்பு பட்டியலில் இல்லாத பொருள். பதினான்கு சிவப்பு அப்படியே உள்ளது. உத்தரவு நீடிக்கிறது' என்று பதில் வந்தது. கெடுவுக்கு இன்னும் ஏழு நாள்.

"அப்ப அந்தப் பதினாலுல முதல்ல நிக்கற முந்திரியைப் பொய்யின்னு காட்டணும்" என்றார் டாக்டர். "அது விழுந்தா மத்ததையும் அவங்க திரும்பப் பாத்துத்தான் ஆகணும். இங்க கிளினிக்லயே, ஊசி மருந்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, துளித்துளியாக் குடுத்துப் பாக்கலாம்."

"நேத்து வரைக்கும் அதத் தொட்டா செத்துருவான்னாங்களே" என்றாள் சசிரேகா. "குடுத்துத்தான் ஆகணும்னா வீட்டுலயே கொஞ்சமா..."

"வீட்டுல கூடவே கூடாது. ரெண்டு வயசுல தின்னப்ப ஒத்துக்கிச்சு, சரி. அஞ்சு வருசம் ஒதுக்கி வெச்சிருக்கோம். உடம்பு பழக்கம் விட்டு நிஜமாவே சண்டைக்கு வந்தாலும் வரும். அதனாலதான் என் கண்ணு முன்னால." பிறகு என்னைப் பார்த்தார். "அக்கா, அன்னிக்குச் சாப்பிட்ட அதே உருண்டை கெடைச்சா நல்லது. அதே கை, அதே பக்குவம். அப்பத்தான் அன்னிக்கு நடந்ததுல அந்த உருண்டைக்குப் பங்கே இல்லன்னு எழுத முடியும்."

இதைக் கேட்டதும் எனக்கு நிஜமாகவே முழங்கால் வலித்தது.

கமலவேணி கதவைத் திறந்தாள். முன்பெல்லாம் "ஏ சாந்தா" என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு "என்னுங்க?" என்றாள். அந்த 'ங்க'வில் ஐந்து வருடம் இருந்தது.

"டாக்டரம்மா சொல்லியனுப்பிச்சாங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, ஆய்வகம், கோத்தகிரி, உருண்டை.

"எறும்பா?" என்றாள்.

"எறும்பு."

"என்ற உருண்டை இல்ல?"

"இல்ல."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அவளுக்கு ஒரு கம்பெனியில் கஞ்சிப் பாக்கெட் ஒட்டுகிற வேலை. கை விரல் நுனியெல்லாம் பசை.

"பாகு பதம் மறந்து போச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

போச்சாது, போனால் போகிறது, நாளைக்கு மறுபடி கேட்போம் என்று வந்துவிட்டேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் வெல்லம் கரைகிற வாசம். அப்புறம் ஏலக்காய். அப்புறம் நெய்யில் முந்திரி. நான்கடிக் கணக்கெல்லாம் பொருளுக்குத்தான், நெய்ப் புகைக்குக் கிடையாது; எங்கள் கட்டிடமே அலற ஆரம்பித்தது. முந்திரிச் சிவப்பு உள்ள பதினேழு பேர் மணிக்கட்டும் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும்? தீப்பிடித்ததாக நினைத்து ஆட்கள் படியிறங்கி ஓடிவந்தார்கள். சங்கத் தலைவர் துரைசாமி லுங்கியோடு வந்து, "யாரு வீட்டுல? நாப்பத்தொண்ணா? நிறுத்தச் சொல்லுங்க!" என்று சத்தம் போட்டார்.

நான் நாற்பத்தொன்றாம் நம்பர் படிக்கட்டில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன்.

"துரைசாமியண்ணா, உங்களுக்கு முந்திரி செவப்புத்தான?"

"ஆமா!"

"போன தீவாளிக்கு ஈரோட்டுல உங்க ஒறம்பரைச் சொந்தக்காரங்க வீட்டுல முந்திரி கேக்கு மூணு துண்டு தின்னீங்களே, காப்புல ஈரத்துண்டைச் சுத்திக்கிட்டு. என்ன ஆச்சு?"

அவர் சம்சாரம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வீட்டுப் படியேறினார். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. எல்லோரிடமும் கேட்க எனக்கு ஒவ்வொரு கேள்வி இருந்தது, அது அவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் காலை கிளினிக்கில் தாரகை, சசிரேகா, டாக்டர், ஒரு நர்ஸ், நான். கமலவேணி வாசலிலேயே நின்றாள். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. டாக்டர் பிள்ளையின் காப்பைக் கழற்றி எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் போட்டு மூடினார். அது உள்ளேயிருந்து வண்டு மாதிரி கத்திக்கொண்டே இருந்தது. நாலு வயதுக்குப் பிறகு தாரகையின் மணிக்கட்டு வெளிச்சம் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த இடம் மட்டும் வெளுத்து, வளையல் போட்டது மாதிரி இருந்தது.

ஊசியில் மருந்து ஏற்றித் தட்டில் வைத்தாயிற்று. முதலில் உருண்டையில் கடுகளவு. இருபது நிமிடம். மிளகளவு. இருபது நிமிடம். டாக்டர் நாடி பார்க்கிறார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிறார், உதட்டைப் பார்க்கிறார். சசிரேகா பிள்ளையைப் பார்க்கவில்லை, அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிக்குது" என்றாள் தாரகை.

"வேற ஏதாச்சும் பண்ணுதா சாமி?"

"இன்னும் வேணும்னு பண்ணுது."

நாலாவது தடவை, சுண்டைக்காய் அளவு. அதற்குப் பத்தாவது நிமிடம் பிள்ளை கழுத்தைச் சொறிந்தாள். சசிரேகா எழுந்துவிட்டாள். டாக்டரின் கை ஊசித் தட்டுக்குப் போயிற்று. நர்ஸ் சட்டைக் காலரை விலக்கினாள். அறையில் டப்பாவின் சத்தம் மட்டும். தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. சட்டைக் காலரில் தைத்திருந்த கம்பெனிப் பெயர்ச் சீட்டு உறுத்தியிருக்கிறது. நர்ஸ் கத்தரிக்கோல் எடுத்து அதை வெட்டி எறிந்தாள்.

அப்புறம் பாதி உருண்டை. அப்புறம் முழு உருண்டை. அதற்கு மேல் இரண்டு மணி நேரக் காத்திருப்பு. தாரகை அந்த நேரத்தில் என்னிடம் எட்டுக் கேள்வி கேட்டாள், அதில் ஐந்து அடுத்த வீட்டு விஷயம். நல்ல பிள்ளை, முன்னுக்கு வருவாள்.

ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் பேனாவை எடுத்து அந்த அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துக்கான இடத்தில் நீளமாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். சசிரேகா வாசலுக்கு ஓடிப்போய்க் கமலவேணியின் பசை ஒட்டிய கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, அஞ்சு வருசமா உங்க மூஞ்சில முழிக்காம..." என்று ஏதோ சொன்னாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. முழங்கால்.

துறை முரண்டு பிடித்தது, டாக்டர் விடவில்லை. உத்தரவு ரத்தாயிற்று. அடுத்த எட்டு மாதத்தில் பதினான்கையும் ஒவ்வொன்றாக அதே மாதிரி சோதித்தார். இறால் மட்டும் நிஜம், உதடு தடித்துவிட்டது, உடனே நிறுத்திவிட்டார். ஆக பதினான்கில் மிஞ்சியது ஒன்று, பட்டியலில் இல்லாத எறும்பு ஒன்று. எறும்புக்கு மாதாமாதம் ஊசி, படிப்படியாக உடம்பைப் பழக்க, மூன்று வருடம் ஆகுமாம். பள்ளிப் பையில் ஒரு அவசர ஊசிப் பேனா. ஷூ இன்னமும் உண்டு, ஆனால் இப்போது எதற்கென்று பிள்ளைக்குத் தெரியும். நேற்று ஊஞ்சலுக்கு நாலு பிள்ளைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இதோடு நிறுத்தவில்லை. யாரைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஒரு தாள் தயாரித்தார். அதற்கு ஒரு வாரம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அக்கா, நீங்க எப்படி ஆளுங்ககிட்ட விசயத்தைப் புடுங்கறீங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தத் தாள் எப்படியோ துறைக்குப் போய், போன மாதம் எல்லார் காப்பிலும் புதிதாக ஏற்றிவிட்டார்கள். இப்போது அது எடுத்தவுடன் கத்துவதில்லை. தணிந்த குரலில் கேட்கிறது. 'எப்ப சாப்பிட்டீங்க? அதுக்கு முன்னால எங்க இருந்தீங்க? கூட யாரு? போன தடவை இதையே சாப்பிட்டப்ப என்ன ஆச்சு? கால்ல கையில எதாச்சும் கடிச்சுதா?' மாநிலம் முழுக்க, பஸ்ஸில், பந்தியில், ஆபீசில், ஒவ்வொரு மணிக்கட்டும் வம்பு கேட்கிறது. என் பெயர் எங்கேயும் போடவில்லை. போகட்டும்.

முந்தா நாள் மதியம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் யாரும் இல்லை. வாசலில் ஒரு தட்டு, மேலே மூடி. கமலவேணி வீட்டுத் தட்டு, விளிம்பில் சிறிய நசுங்கல், எனக்குத் தெரியாதா? உள்ளே ஆறு முந்திரி உருண்டை. எனக்கு முந்திரி பச்சைதான், இரண்டைத் தின்றேன். சாயங்காலம் முழங்கை கொஞ்சம் அரித்தது. காப்பு கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். காலையில் தொட்டிச் செடிக்குள் கையை விட்டதைக் கேட்டதும் சமாதானமாகி, கடைசிக் கேள்விக்கு வந்தது. அது நான் சொல்லித் தந்ததல்ல, டாக்டர் தாமாகவே சேர்த்தது.

'சொல்லாம விட்டது ஏதாச்சும் இருக்குதா?'

சொல்லாமல் விட்டது இருக்கிறது. அந்த ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் முன்பு, பத்துப் பேர் நடுவில், என் அரிசிம்பருப்புச் சோற்றைக் கமலவேணி "பசை மாதிரி கொழைஞ்சிருக்கு" என்றாள். பிள்ளை விழுந்தபோது, சுண்ணாம்பு என் விரலில் இன்னும் காயாமல் இருந்தபோது, "ஐயோ, கமலவேணி உருண்டை!" என்று முதலில் கத்தியது நான்தான். மறுநாள் அறுபத்து நான்கு வீட்டுக்கும் கொண்டுபோனதும் நான்தான். டாக்டரிடம், சசிரேகாவிடம், கமலவேணியிடம் எறும்புக் கதை முழுவதையும் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை.

காப்பு மறுபடி கேட்டது. அது விடாது. நான்தானே கற்றுக்கொடுத்தேன்.

தட்டைக் கழுவினேன். வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது. அரிசிம்பருப்புச் சோறு வைத்து, நெய் விட்டு, மூடி எடுத்துக்கொண்டு நாற்பத்தொன்றாம் நம்பருக்குப் போனேன். அவள் கதவைத் திறந்ததும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தட்டை நீட்டினேன்.

கமலவேணி மூடியைத் திறந்து சோற்றைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சாந்தா. இந்தக் காலனியில வேற யாரு இருக்கா?" என்றாள். "உள்ள வா, ஆறிரும். கொழைஞ்சுதான் இருக்கு, ஆனா சாப்பிடலாம்."